எட்டு நாள் என்றால் ஏழு

நான் எளிதில் மறக்கிற ஆள் இல்லை. ஏழாம் வகுப்பில் என் சைக்கிள் காற்றைத் திறந்துவிட்டவளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அவளை எங்காவது கண்டால் இன்றைக்கும் அவளுடைய சைக்கிளைத்தான் முதலில் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியைப் பகைத்துவிட்டு, மூன்று வருசம் நிம்மதியாக நித்திரை கொண்டது அந்த மனுசனின் பிழை.

அந்த மனுசன் ஒரு ஹாண்ட்போல் கழகத்தின் பணிப்பாளர். டென்மார்க்கின் மேற்கு யூலண்டில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்திலிருந்து அரைமணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊர். பெண்கள் அணி, சம்பளம் வாங்கி விளையாடுகிற அணி. நான் அதன் ஸ்போர்ட்ஸ்ஷெஃப். மரியாதைக்கு அந்த மனுசனை 'அவர்' என்று எழுதத்தான் வேண்டும், கை வரவில்லை. 'அந்த ஆள்' என்றே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

டெனிஷில் ஷெஃப் என்றால் பொறுப்பாளர். கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு இது தெரியாது. எனக்கு அந்த வேலை கிடைத்த செய்தி போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி எடுத்தார். "என்ன பிள்ளை, பொருளாதாரம் படிச்சுப்போட்டு இப்ப சமையலோ? அவ்வளவு பெட்டையளுக்கும் நீ தனியாவோ சமைக்கிறாய்?" என்று கவலைப்பட்டார். நான் திருத்தினேன். அடுத்த நத்தாருக்கு எனக்கு ஒரு பெரிய அகப்பை பரிசாக வந்தது.

சமையல் இல்லையே தவிர, சமையலறைப் பொறுப்பு மாதிரியான வேலைதான். சனிக்கிழமை ஆட்டத்தில் யார் இறங்குவது என்பதைப் பயிற்சியாளர் தீர்மானிப்பார். அணியில் யார் இருப்பது, யாரை வெளியிலிருந்து கொண்டுவருவது, யாரை அனுப்புவது என்பது என் வேலை. ஆட்டக்காரிகளின் முகவர்களோடு மல்லுக்கட்டுவேன். நோர்வேயிலிருந்து வருகிறவளுக்கு வீடு பார்ப்பேன், கட்டில் பூட்டுவேன், சலவை இயந்திரம் பழுதானால் வீட்டுக்காரனோடு சண்டை பிடிப்பேன். ஒருத்தி கர்ப்பமானால் அவளுடைய அம்மாவுக்கு முன்பே எனக்குத் தெரியவரும். இருபது வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, உன்னை அடுத்த வருசம் வைத்திருக்க மாட்டோம் என்று சொல்வதும் நான்தான். அதை எப்போதும் காலையில், முகத்துக்கு நேரே சொல்வேன். அழுது முடிக்க அவளுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும்.

இந்தக் கதிரைக்கு நான் குறுக்கு வழியில் வரவில்லை. நான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து டென்மார்க்குக்கு வந்தேன். அப்பா எனக்கு முன்பே அகதியாக வந்து, ஹொல்ஸ்டெப்ரோப் பக்கம் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போல நானும் பள்ளி முடிய ஹாண்ட்போல் எறிந்தேன். இடப்பக்க ஓரத்தில் நிற்பேன். பெரிய திறமை இல்லை, ஓட்டம் இருந்தது. பதினெட்டில் முழங்கால் போனதும் அதுவும் போயிற்று. ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அதே கழகத்தின் கந்தோருக்கு எழுதுவினைஞராகத் திரும்பி வந்தேன். டிக்கெட் விற்றேன், பஸ் ஒழுங்கு செய்தேன், ஆட்டம் பார்த்தேன். ஆட்டக்காரிகளைப் பார்த்து நான் சொன்னவை அடிக்கடி சரியாக வந்தன. முப்பத்தொரு வயதில் ஸ்போர்ட்ஸ்ஷெஃப் ஆனேன். எங்கள் ஆட்களில் அப்படி ஒரு கதிரையில் இருந்த வேறு எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை, அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

இனி அந்த எட்டு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டெனிஷ்காரர் பேச்சில் 'எட்டு நாள்' என்றால் ஒரு கிழமை. இன்றைக்குத் திங்கள் என்றால் எட்டு நாளில் என்பது வருகிற திங்கள். ஏன் ஏழை எட்டு என்கிறார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. நான் இரண்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் வகுப்பாசிரியை ஒரு வேலை தந்து, எட்டு நாளில் கொண்டுவரச் சொன்னார். நானும் அப்பாவும் சமையலறை மேசையில் இருந்து விரல் விட்டு எண்ணினோம். எனக்குச் சந்தேகமாக இருந்தது. "எட்டு எண்டால் எட்டுத்தானே, இதில என்ன சந்தேகம்? எங்கட ஆக்கள் எட்டுச்செலவை ஏழாம் நாளிலயோ செய்யிறவை?" என்றார் அப்பா. செத்தவருக்கு எட்டாம் நாள் படைப்பதைப் பள்ளிக்கூட வேலைக்கு உதாரணமாகச் சொன்ன ஒரே தகப்பன் அவராகத்தான் இருப்பார். எட்டாம் நாள் கொண்டுபோனேன். மற்றப் பிள்ளைகள் அதற்கு முதல் நாளே கொடுத்து முடித்துவிட்டார்கள். வகுப்பே சிரித்தது.

இருபத்தைந்து வருசம் கழித்து இந்தக் கதையை, எட்டுச்செலவும் சேர்த்து, கழகத்தின் நத்தார் விருந்தில் நானே சொன்னேன். ஹெரிங் மீனும் ஸ்னாப்ஸ் சாராயமும் உள்ளே போயிருந்தன, எல்லாரும் ஏதோவொரு பழைய வெட்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் கதைக்குத்தான் கூடுதல் சிரிப்பு. எல்லாரையும் விடக் கூடுதலாகச் சிரித்தது அந்த ஆள். கண்ணீரைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது.

எங்களிடம் அப்போது ஒரு கோல்காப்பாளர் இருந்தாள். சுவீடனின் இரண்டாம் பிரிவில், பார்க்க ஆளில்லாத ஒரு மண்டபத்தில் நான் கண்டெடுத்த பிள்ளை. அவள் விளையாடிய வீடியோவைக் காட்டியபோது பயிற்சியாளர் சிரித்தார். இரண்டு வருசத்தில் நாட்டின் மிகச் சிறந்த காப்பாளர்களில் ஒருத்தி ஆனாள். அவளுடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. விரும்பினால் கழகம் இன்னும் இரண்டு வருசம் நீட்டலாம், ஆனால் கடைசி ஆட்டம் முடிந்து எட்டு நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவளுடைய முகவர் ஏதோ பழைய தாளைப் பார்த்துக் கொப்பியடித்த வசனம் அது.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. திங்கள் காலையிலேயே கடிதத்தை எழுதி, டிஜிட்டல் கையெழுத்துக்காக அந்த ஆளுக்கு அனுப்பினேன். கழகத்தின் பெயரில் கையெழுத்து வைக்கிற உரிமை அந்த ஆளுக்கு மட்டும்தான். மே மாதம், மான் வேட்டை தொடங்கிய நேரம். அந்த ஆள் துவக்கையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டது. புதனும் வெள்ளியும் சனியும் நினைவூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சுட்ட மானோடு நிற்கிற படத்தைப் போட்ட பிறகு, கையெழுத்து வந்தது. முகவர் நன்றி சொல்லி, ஒரு நாள் பிந்திவிட்டது என்று ஒரு வரி எழுதினார். எங்கள் கழகத்துக்கு ஒரு சதமும் கிடைக்காமல் காப்பாளர் வெளிநாட்டுக் கழகமொன்றுக்குப் போனாள்.

அடுத்த கிழமை உள்ளூர்ப் பத்திரிகையில் அந்த ஆளின் பேட்டி வந்தது. இப்படி ஒரு இழப்பு எப்படி நடந்தது என்ற கேள்விக்கு அந்த ஆள் சொன்ன பதில்: "துரதிர்ஷ்டவசமாக ஒரு மொழிக் குழப்பம். எட்டு நாள் என்றால் எங்களுக்கு ஒரு கிழமை. எங்கள் ஸ்போர்ட்ஸ்ஷெஃபின் பண்பாட்டில் எட்டு என்றால் எட்டு. அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம்."

குறை சொல்ல வேண்டாமாம்.

நான் சிரித்துச் சொன்ன கதையை அந்த ஆள் எடுத்து என் கழுத்திலேயே கட்டியிருந்தது. விருந்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதை நம்பினார்கள், ஏனென்றால் அதை அவர்களுக்குச் சொன்னதே நான். நிர்வாக சபைத் தலைவரிடம் என் நினைவூட்டல்களைக் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு, ஒன்றிலும் திகதி இல்லையே என்றார். உண்மைதான். 'காலக்கெடு நெருங்குகிறது, தயவுசெய்து கையெழுத்து வையுங்கள்' என்று மட்டும்தான் மூன்றிலும் எழுதியிருந்தேன். அந்த ஒரு முட்டாள்தனம் என்னுடையது. அடுத்த மாதம் நான் வெளியே. வெளியேறும்போது, ஒருவரைப் பற்றி ஒருவர் பொதுவில் கதைப்பதில்லை என்ற தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். அந்த ஆள் கதைக்க வேண்டியதையெல்லாம் கதைத்து முடித்த பிறகுதான் அந்தத் தாள் வந்தது.

வேலை போனதைக்கூடத் தாங்கியிருப்பேன், இந்தத் தொழிலில் அது சாதாரணம். அப்பாவுக்கு நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பிறகு, ஆஸ்பத்திரியிலும் கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்தார். அவருடைய டெனிஷில் இலக்கணம் கொஞ்சம் நொண்டும், ஆனால் ஒரு சொல்லையும் விடமாட்டார். கையில் எப்போதும் ஒரு கொப்பி இருக்கும். பத்திரிகை வந்த கிழமை, ஒரு கலியாண மண்டபத்தில் யாரோ அவரிடம், "என்ன அண்ணை, உங்கட மகளுக்கே டெனிஷ் விளங்கேல்லையாம், பேப்பரில கிடக்கு" என்று பகிடி விட்டிருக்கிறார்கள். அடுத்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது அப்பா, "வேற ஆளைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டார். பிறகு போகவே இல்லை.

அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்தச் சொல்லை அந்த ஆள் திரும்ப எடுக்க வேண்டும். அதே பத்திரிகையில், தன் பெயரைப் போட்டு, தன் வாயால். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

கொப்பன்ஹேகனின் மேற்குப் புறத்தில் இருக்கிற ஒரு கழகம் என்னை எடுத்தது. ஹ்விடோவ்ரேயில் வீடு எடுத்தேன். வேலை நன்றாகப் போனது. பழைய கழகம் தேயத் தேய, ஒவ்வொரு தோல்வியையும் இனிப்புச் சாப்பிடுவது போல இருந்து பார்த்தேன். செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லி, அந்த ஆளே ஸ்போர்ட்ஸ்ஷெஃப் வேலையையும் செய்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோசத்தை எழுதினால் என்னைப் பற்றித் தவறாக நினைப்பீர்கள்.

புதிய அணியில் கோட்டோரத்தில் விளையாடுகிற ஒருத்தி இருந்தாள். எதிராளிகளின் நடுவில் முதுகைக் காட்டி நின்று, இடிபட்டு, பந்தை வாங்கித் திரும்பி எறிகிற இடம் அது. இருபத்துநான்கு வயது. அவளும் அந்தச் சின்ன ஊர்தான். மேற்கு யூலண்ட் பேச்சைக் கொப்பன்ஹேகன்காரர் பகிடி பண்ணுவார்கள், சொற்களைப் பாதியில் விழுங்குகிற பேச்சு என்பார்கள். எனக்கு அதுதான் டெனிஷ். அந்த அணியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் அப்படிக் கதைப்போம், மற்றவர்களுக்கு விளங்காமல் கதைக்கிறதில் எங்களுக்கு ஒரு குசி. அவள் கதைத்ததைத் தமிழில் எழுதப் போனால் எனக்கு யாழ்ப்பாணப் பேச்சாகத்தான் வருகிறது.

மார்கழியில் ஒரு நாள் என் கந்தோருக்கு வந்தாள். அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வேறு பிள்ளைகள் இல்லை.

"என்னை ஊருக்கு விடுவியளோ? பழைய கழகத்துக்கு ஆள் தேவையாம். அம்மாவோட இருந்துகொண்டு விளையாடுவன்."

"என்னால ஏலுமானதைச் செய்யிறன்" என்றேன். அந்த நேரம் உண்மையாகவே சொன்னேன்.

தையில் அந்த ஆள் தொலைபேசி எடுத்தது. மூன்று வருசத்துக்குப் பிறகு, ஒன்றும் நடக்காதது போல, எப்படி இருக்கிறாய் என்று கேட்டது. அவர்கள் பட்டியலின் அடியில் கிடந்தார்கள், கோட்டோர ஆட்டக்காரிகள் இருவருக்கும் காயம். அணி கீழ்ப்பிரிவுக்கு விழுந்தால் அந்த ஆளின் கதிரையும் விழும். ஆட்டக்காரிகள் கழகம் மாறுவதற்கான கடைசி நேரம் அடுத்த கிழமைச் செவ்வாய் மாலை ஆறு மணி. எழுத்தில் ஒரு விலை அனுப்புகிறேன் என்றேன்.

அன்றைக்குத் திங்கள். விலையை எழுதினேன். கடைசி வரியாக, இந்த விலை எட்டு நாளுக்குச் செல்லும் என்று எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். திகதியைப் போட்டிருக்கலாம். மூன்று வருசத்துக்கு முன் திகதி போடாத முட்டாள்தனத்துக்கு இவ்வளவு பட்டவள், அந்த முறை வேண்டுமென்றே திகதியை விட்டேன். அந்த ஆள் என்னைப் பற்றித் தானே கட்டிய கதையைத் தானே நம்புகிறதா என்று பார்க்க விரும்பினேன்.

வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி இரண்டு பந்தி. முடிவில்: 'அவசரமில்லை, செவ்வாய் வரை நேரம் இருக்கிறது. உன்னுடைய எட்டு எப்படிப்பட்ட எட்டு என்று எனக்குத் தெரியும்தானே!' கண்ணடிக்கிற ஒரு மஞ்சள் முகமும் இருந்தது.

அதை நான்கைந்து தரம் வாசித்தேன். பதில் எழுதவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு போயின. திங்கள் முழுக்கக் கந்தோரில் இருந்தேன், அந்த ஆளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் பிள்ளை பயிற்சி முடிந்து போகும்போது கதவால் தலையை நீட்டி, "ஏதும் வந்ததோ?" என்று கேட்டாள். "இன்னும் இல்லை" என்றேன்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு அந்த ஆள் தொலைபேசி எடுத்தது. சரி, உன் விலைக்கே சம்மதம், தாளை அனுப்பு என்றது.

"விலை நேற்றோடு முடிந்துவிட்டது" என்றேன்.

"எட்டு நாள் என்றாயே."

"ஓம். எட்டு நாள் என்றால் ஒரு கிழமை. நீ டெனிஷ்காரன், நானோ உனக்குச் சொல்லித் தரவேண்டும்?"

அந்த ஆளின் குரல் ஏறியது. "நீ எட்டை எட்டாகத்தான் எண்ணுவாய். விருந்தில் நீயே சொன்னாய். ஊருக்கே தெரியும்."

"அதை எழுதி அனுப்பு" என்றேன்.

எழுதி அனுப்பியது! கோபத்தில் யோசிக்கவில்லை. நான் 'எட்டு நாள்' என்று எழுதினால் அது எட்டு நாள்தான், எனவே தன் சம்மதம் நேரத்துக்கு வந்திருக்கிறது, ஹாண்ட்போல் சங்கத்திடம் முறையிடுவேன் என்று பத்து வரி. நான் பழைய பத்திரிகைப் பேட்டியை இணைத்துப் பதில் போட்டேன். முறையிடு, நானும் உன் வியாழக்கிழமை மின்னஞ்சலோடு வருகிறேன், நான் எட்டை எப்படி எண்ணுகிறேன் என்பதை இந்த முறை எல்லார் முன்னாலும் பார்ப்போம் என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் மறுபடி தொலைபேசி. முறையீடு முடியுமுன் ஆறு மணி ஆகிவிடும் என்று விளங்கியிருக்க வேண்டும், இந்த முறை குரல் இறங்கியிருந்தது. "உனக்கு என்ன வேண்டும்?"

மூன்று வருசமாக அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். "அந்தப் பத்திரிகைக்கு மூன்று வரி எழுது. கடிதத்தை நான் நேரத்துக்கு அனுப்பினேன், நீதான் பிந்திக் கையெழுத்து வைத்தாய், மொழிக் குழப்பம் எதுவும் இல்லை. உன் பெயரில். அது வெளிவரட்டும், வி ஸ்னக்கெஸ்."

வி ஸ்னக்கெஸ் என்றால், பிறகு கதைப்போம். இந்த நாட்டில் எல்லாரும் தொலைபேசியை வைக்கும்போது சொல்வது. கடைக்காரனும் சொல்வான், பல் வைத்தியரும் சொல்வார். அதை வாக்குறுதி என்று ஒருவரும் எடுப்பதில்லை. அந்த ஆள் எடுத்தது.

இரண்டு மணிக்குப் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. நான் சொன்ன மூன்று வரியும், சொல்லுக்குச் சொல் அப்படியே. கீழே அந்த ஆளின் பெயரும் பதவியும். எழுந்து கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோசத்தில்தான். மூன்று வருசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நேரம் நான் புதிய தாளை அனுப்பியிருக்கலாம். நான்கு மணி நேரம் இருந்தது. வசனம் எல்லாம் கணினியில் கிடந்தது, திகதியை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எங்கள் பயிற்சியாளருக்கு அவளை விட மனமில்லை என்று எனக்கே ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. சொல்லைத் திரும்ப வாங்கினால் போதும் என்று மூன்று வருசம் நினைத்திருந்தேன். வாங்கிய பிறகு போதவில்லை. அந்த ஆள் விழ வேண்டும், நான் பார்க்க வேண்டும்.

மூன்றரைக்கு அந்த ஆள் தொலைபேசி எடுத்தது, நான் தூக்கவில்லை. நான்குக்கும் எடுத்தது. நான் காரை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கிற புரொண்பிக்குப் போய், ஒரு நோர்வேப் பிள்ளையின் வீட்டில் ஒழுகுகிற சலவை இயந்திரத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரனோடு முக்கால் மணி நேரம் கதைத்தேன். அவ்வளவு பொறுமையாக அவனோடு நான் ஒருநாளும் கதைத்ததில்லை. பொக்கற்றுக்குள் தொலைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆறு மணிக்கு நின்றது.

அப்பாவுக்கு எடுத்தேன்.

"வாசிச்சனான்" என்றார். "மூண்டுதரம் வாசிச்சனான். கொம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான்."

எல்லாவற்றையும் சொன்னேன், வியாழக்கிழமை மின்னஞ்சலிலிருந்து சலவை இயந்திரம் வரை. பரீட்சைப் பெறுபேறு சொல்கிற பிள்ளை மாதிரி மூச்சு விடாமல் சொன்னேன்.

"அப்ப அந்தப் பிள்ளை தாயிட்டப் போகேல்லையோ?" என்றார் கடைசியில்.

"கோடைக்குப் போவாள் அப்பா. ஒப்பந்தம் முடிய."

"ம்ம்" என்றார். "சரி, வைக்கிறன்."

அடுத்த நாள் காலை அவள் வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அந்தாள் நேற்று மத்தியானம் எனக்குப் போன் எடுத்து, வா எண்டு சொன்னது. தாள் மட்டும்தான் வரவேணுமாம். அம்மா பக்கத்து அறையை ஒதுக்கச் சொல்லி ஆளையும் பிடிச்சிட்டா." நிறுத்தினாள். "இரவு அந்த எட்டு நாள் கதையையும் சொன்னது. அந்தாள் நாளைப் பிழையா எண்ணுது எண்டு உங்களுக்கு எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "வியாழக்கிழமை" என்றேன்.

"திங்கக்கிழமை நான் வந்து கேக்கேக்க?"

"தெரியும்."

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே அந்தாளுக்கு எடுத்துச் சொல்லியிருப்பன்."

"அதாலதான் சொல்லேல்லை."

நான் அந்தச் செய்தியைக் கணினியில் திறந்து அவள் பக்கம் திருப்பினேன். பார், எனக்கு என்ன செய்தவன் என்று பார் என்று. அவள் வாசித்தாள். வாசித்துவிட்டுப் போனாள்.

அந்த வசந்தத்தில் பழைய கழகம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கீழ்ப்பிரிவுக்கு விழுந்தது. அந்த ஆளை அனுப்பிவிட்டார்கள். வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய். அன்றைக்கு ஒரு பெரிய கேக் வாங்கி வந்து கந்தோரில் எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தேன். பிறந்த நாளா என்று கேட்டார்கள், ஓம் என்றேன். அப்பா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொப்பியோடு போகத் தொடங்கினார். என்னோடு கதைக்கும்போது மட்டும், அந்தப் பிள்ளையின் தாய் எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்.

அவள் தொடர்ந்து விளையாடினாள், முன்னையை விட நன்றாகவே விளையாடினாள். அந்தச் செவ்வாய் முடிந்து ஒரு கிழமை போயிருக்கும், ஒரு தாளோடு என் கந்தோருக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"நான் ஒவ்வொரு வியாழக்கிழமையும் எனது தாயாரிடம் செல்ல விரும்புகிறேன்" என்றாள்.

யூலண்ட் பேச்சு இல்லை. பாடப்புத்தக டெனிஷ். ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, வாயை நன்றாகத் திறந்து. கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் என் முகத்தைக் கண்டவுடன் ஆட்கள் எடுக்கிற குரல் அது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும், நான்கு வயதிலிருந்து தெரியும்.

"வெள்ளிக்கிழமை மாலை பயிற்சிக்குத் திரும்பி வருவேன்" என்றாள். தாளை மேசையில் வைத்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்கே. உனக்கு விளங்குகிறதா?"

"விளங்குது" என்றேன், எங்கள் பேச்சில். அவள் முகம் மாறவில்லை, நான் மறுபடி சொல்லட்டும் என்று பொறுமையாகக் காத்து நின்றாள்.

"விளங்குகிறது" என்று திருத்தமாகச் சொல்லிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள். கோடையில் கழகத்தை விட்டுப் போகும் நாள் வரை, அவள் என்னோடு வேறு எந்தக் குரலிலும் கதைக்கவில்லை.